ராத்திரி எட்டேகால் மணி: வீட்டுக்குள்ள விசுவாசம் வேர்விட ஒரு முழுமையான வழிகாட்டி

எங்க பாட்டியோட வேதப்புத்தகம் இப்ப என்கிட்டதான் இருக்கு. அட்டை பிஞ்சு போய் முதுகுல பழைய சேலைத்துணி வச்சுத் தச்சது, ஆதியாகமத்துல முதல் நாலு தாளக் காணோம். ஓரம் பூரா பாட்டி பென்சில்ல பொடிப் பொடியா எழுதியிருப்பாங்க. 121ஆம் சங்கீதம் பக்கத்துல "சின்னவனுக்கு காச்சல் மூணாம் நாள்"னு ஒரு வரி, அதுக்குக் கீழ கொஞ்சம் மங்கலா "விட்டுது, ஸ்தோத்திரம்". யாத்திராகமம் 16, மன்னா விழுற அதிகாரம், அங்க "இன்னைக்கு அரிசி இல்ல"ன்னு மட்டும் இருக்கு, அதுக்குக் கீழ ஒண்ணும் எழுதல. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் ஒரு பனங்காட்டு ஊர்ல மூணாங்கிளாஸோட படிப்ப நிறுத்தினவங்க அவங்க. எங்க குடும்பத்துல இன்னைக்கு நாலாவது தலைமுறை ஜெபம் பண்ணுதுன்னா அதுக்கு அந்தப் பென்சிலும் ஒரு காரணம்னு நான் நம்புறேன், ஏன்னா அவங்க படிச்ச வசனமும் அவங்க வீட்டு அரிசிப்பானையும் ஒரே பக்கத்துல இருந்துச்சு.

நம்ம வீடுகள்ல இந்த ரெண்டும் பிரிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை ஆராதனை, ஓய்வுநாள் பாடசாலை, மே மாச விபிஎஸ் (பிள்ளைங்களோட லீவு வேத வகுப்பு) எல்லாம் ஒழுங்கா நடக்குது, ஆனா வீட்டுக்குள்ள வந்தா ஆளுக்கொரு செல்போன். குடும்ப ஜெபம்னு ஒண்ணு நடந்தாலும் அது அவசர அவசரமா ஒரு சங்கீதம், ஒரு பரமண்டல ஜெபம், ஆமென். அந்த ஆமெனுக்கும் அடுத்த நிமிஷம் வீட்டுல நடக்குறதுக்கும் சம்பந்தமே இருக்காது, பிள்ளைங்க அத நல்லாவே கவனிக்கிறாங்க. நான் கீழ எழுதுறது எங்க வீட்டுல பன்னெண்டு வருஷமா விழுந்து எழுந்து கத்துக்கிட்டது. வீட்டுக்காரர் ஷிப்ட் வேலை, மாமியார் (நான் அத்தைன்னு கூப்பிடுவேன்) எங்ககூட இருக்காங்க, மகளுக்கு பதினஞ்சு வயசு, மகனுக்கு ஒம்பது. உங்க வீடு வேற மாதிரி இருக்கலாம், அதுக்கேத்த மாதிரி மாத்திக்கோங்க.

முதல் படி: நேரத்த முதல்ல பிடிங்க

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு வர்றப்ப எல்லாருக்கும் ஒரு உற்சாகம் இருக்கும். இந்த வருஷம் காலையில அஞ்சு மணிக்கு எழும்பி ஒரு மணி நேரம் குடும்பமா ஜெபிப்போம்னு முடிவு பண்ணுவோம். நாங்களும் அப்படித்தான் பண்ணோம், பொங்கல் லீவு வர்றதுக்குள்ள நின்னு போச்சு, அதுக்கப்புறம் ஒரு குற்ற உணர்ச்சி, அந்தக் குற்ற உணர்ச்சியாலேயே மார்ச் வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அதனால சொல்றேன், பத்து நிமிஷத்துல ஆரம்பிங்க. பத்தே நிமிஷம். அது பழகின பிறகு தானா நீளும், நீளாட்டியும் பரவாயில்ல.

தினமும் வீட்டுல எப்படியும் நடக்குற ஒரு காரியத்தோட அத முடிச்சுப் போடுங்க. எங்களுக்கு அது ராத்திரி சாப்பாடு. தோசைக்கல்ல அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி, சட்னி அரைச்சு முடிச்ச உடனே, எட்டேகாலுக்கு உக்காந்துருவோம். சாப்பிட்ட பிறகு வச்சுப் பாத்தோம், சின்னவன் மடியிலேயே தூங்கிருவான். டிவி ஆஃப், செல்போன் எல்லாம் ஃப்ரிட்ஜ் மேல, அப்பா போனும் சேத்துதான். பெரியவங்க போன் கையில இருந்துச்சுன்னா பிள்ளைகளுக்கு நீங்க சொல்ற எதுவும் ஏறாது.

வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் வர்ற வாரத்துல அவங்க பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஆறரைக்கே முடிச்சிருவோம். வெளிநாட்டுல அப்பா இருக்கிற வீடுகளுக்கு வீடியோ கால்தான் வழி, துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சவுதி ரெண்டரை மணி நேரம் பின்னாடி, அவங்க வேலை முடியுற நேரத்தக் கணக்குப் பண்ணி வாரத்துல மூணு நாளாவது பிடிங்க. என் தங்கச்சி வீட்டுல அப்படித்தான் நடக்குது, வீட்டுக்காரர் அங்க கேம்ப் கட்டில்ல உக்காந்து வசனம் வாசிப்பாரு, இங்க மூணு பிள்ளைங்களும் பாய்ல உக்காந்து கேப்பாங்க.

இடம் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம், ஒரே இடமா இருந்தா போதும். எங்களுக்கு ஹால்ல ஒரு கோரைப்பாய், அத்தைக்கு முட்டு வலி இருக்கிறதால நாற்காலி.

ரெண்டாவது படி: வாசிக்கிறத சுருக்குங்க, ஆனா நின்னு வாசிங்க

இங்கதான் நிறைய பேர் வழி தவறுறோம். ஆதியாகமத்துல ஆரம்பிச்சு தினம் மூணு அதிகாரம்னு போட்டு, லேவியராகமத்துல மாட்டிக்கிட்டு விட்டுர்றோம். வேதத்துல மொத்தம் 1189 அதிகாரம், அத வருஷத்துக்குள்ள முடிக்கிறது பெரியவங்க தனியா பண்ண வேண்டிய காரியம், குடும்பமா உக்காரும்போது அந்தப் பந்தயம் வேண்டாம்.

மாற்கு சுவிசேஷத்துல ஆரம்பிங்க. 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷத்துலயும் சின்னது, நிக்காம ஓடுற கதை, சின்னப் பிள்ளைக்கும் பிடிக்கும். தினம் ஒரு பதினஞ்சு வசனம் வச்சா ஒன்றரை மாசத்துல முடிஞ்சிரும். வாசிக்கத் தெரிஞ்ச எல்லாரும் ஆளுக்கு ரெண்டு வசனம், தப்பா வாசிச்சா திருத்திக்கிட்டே இருக்காதீங்க.

பாஷை ஒரு பெரிய தடை, அத மறைக்க வேண்டாம். நம்ம கையில இருக்கிற பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில 1871ல வந்தது, அந்தத் தமிழோட ஓசை எனக்கு உசுரு, பாட்டி குரல் அதுலதான் இருக்கு, ஆனா இங்கிலீஷ் மீடியம் படிக்கிற ஒம்பது வயசுப் பையனுக்கு "பின்னணியம்"னா கப்பலோட பின்பக்கம்னு எப்படித் தெரியும். அதனால நாங்க முதல்ல பழசுல வாசிப்போம், அப்புறம் அதே பகுதிய மகள் எளிய தமிழ்ல வாசிப்பா. அவன் வேணும்னா இங்கிலீஷ்லயும் பாத்துக்குவான். மனப்பாட வசனம் மட்டும் பழைய தமிழ்லதான், அதுல நான் விட்டுக் கொடுக்குறதில்ல, வயசான காலத்துல ஆஸ்பத்திரிக் கட்டில்ல நாக்குல வர்றது அந்த ஓசைதான்னு நான் கண்ணால பாத்திருக்கேன்.

வாசிச்ச பிறகு பிரசங்கம் வேண்டாம். அப்பாமாருக்கு இத அன்போட சொல்றேன், பத்து நிமிஷம் விளக்கம் சொல்லி அதுல பிள்ளையோட மார்க்கையும் சேத்து இழுத்தீங்கன்னா அடுத்த நாள் அவன் பாத்ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்குவான். அதுக்குப் பதிலா மூணு கேள்வி மட்டும் கேளுங்க: இதுல இயேசு என்ன செஞ்சாரு, இதுல நீ யாரு மாதிரி இருக்கே, உனக்கு எது புரியல.

மூணாவது கேள்விதான் தங்கம். மாற்கு 4ல புயல் அடிக்கிற பகுதி வாசிச்சோம், "கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்"னு வரும். மகன் கையத் தூக்கி, அந்தத் தலையணைய யாரும்மா கொண்டு வந்தான்னு கேட்டான். நான் நாப்பது வருஷமா கேட்ட கதை, ஒரு நாளும் அந்தத் தலையணைய நான் பாத்ததே இல்ல. மகள் உடனே மத்தேயுவையும் லூக்காவையும் புரட்டிப் பாத்தா, அங்க புயல் இருக்கு, தூக்கம் இருக்கு, தலையணை இல்ல, மாற்குல மட்டும்தான் இருக்கு. அத்தை சொன்னாங்க, பாவம் பகல் பூரா பேசிக் களைச்சுப் போயிருப்பாரு, யாரோ ஒரு சீஷன் தலைக்கு வச்சு விட்டிருப்பான்னு. அன்னைக்கு சின்னவன் ஜெபத்துல "ஆண்டவரே உங்களுக்கும் டயர்டா இருக்கும்ல, தேங்க்யூ"ன்னு சொன்னான். இருபது வருஷம் நான் கேட்ட பிரசங்கத்த விட அந்த ஒரு வரி, தேவன் மனுஷனா வந்தாருங்கறத எனக்கு நெருக்கமா காட்டுச்சு.

பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை சபைப் போதகர் ஐயர்கிட்ட கேப்போம்னு நோட்டுல எழுதி வைங்க, எழுதினா கண்டிப்பா கேட்டும் விடுங்க.

மாற்கு முடிஞ்ச பிறகு எங்க போகலாம்னா, நீதிமொழிகள் 31 அதிகாரம், மாசத்துக்குத் தோதா வரும், இன்னைக்கு தேதி என்னவோ அந்த அதிகாரத்துல இருந்து அஞ்சு வசனம். டிசம்பர் ஒண்ணுல லூக்கா ஆரம்பிச்சா 24 அதிகாரம், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உயிர்த்தெழுதல்ல போய் முடியும், பிறப்ப மட்டும் தனியா கொண்டாடாம முழுசையும் பாத்துட்டு கிறிஸ்துமஸுக்குள்ள போவோம். யோவான் 21 அதிகாரம், மூணு வாரம். 119ஆம் சங்கீதம் 176 வசனம் இருக்கேன்னு பயப்படாதீங்க, எட்டு எட்டு வசனமா 22 துண்டு, எபிரெய எழுத்து வரிசைப்படி கட்டினது, அந்தத் துண்டுப்படியே எடுத்தா அழகா வரும்.

இன்னொண்ணு. இந்தப் புத்தகம் நம்ம கைக்கு எப்படி வந்துச்சுன்னு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க. சீகன்பால்குங்கற ஜெர்மன் மிஷனரி 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கி, மணல்ல எழுத்து எழுதிப் பழகுற பிள்ளைகளோட உக்காந்து தமிழ் கத்துக்கிட்டு, 1715ல புதிய ஏற்பாட்ட தமிழ்ல அச்சடிச்சு முடிச்சாரு. முடிஞ்சா ஒரு தடவை தரங்கம்பாடிக்குக் கூட்டிட்டுப் போங்க, அவர் கட்டின புது எருசலேம் ஆலயம் 1718ல பிரதிஷ்டை ஆனது, இன்னைக்கும் ஆராதனை நடக்குது, 1719ல அவர அடக்கம் பண்ணினதும் அதுக்குள்ளதான். எங்க மகன் அந்தக் கல்லத் தொட்டுப் பாத்துட்டு வந்த பிறகு வேதப்புத்தகத்தத் தரையில போடுறதில்ல.

மூணாவது படி: ஜெப நோட்டு

சாதாரண நாப்பது பக்க நோட்டு போதும். நடுவுல ஒரு கோடு, இடது பக்கம் தேதியும் விண்ணப்பமும், வலது பக்கம் காலியா விடுங்க. பாட்டி ஓரத்துல எழுதினதத்தான் நான் நோட்டா மாத்திக்கிட்டேன். ஆளுக்கு ஒரு காரியம் சொல்லணும், மகன்தான் எழுதுவான், அவன் கையெழுத்துலயே இருக்கட்டும். கணக்குப் பரிட்சை, தாத்தா கண் ஆபரேஷன், பக்கத்து வீட்டு அக்காவுக்கு வேலை, தெருமுனை நாய்க்குக் கால் ஒடிஞ்சது, எல்லாம் வரும். நாய்க்கெல்லாம் ஜெபமான்னு கேக்காதீங்க. அடைக்கலான் குருவி விழுறதையும் பிதா பாக்குறாருன்னு சொன்னவர்கிட்டதான பேசுறான்.

அப்புறம் ஜெபம், ஆளுக்கு ரெண்டு வாக்கியம். "அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பரலோகப் பிதாவே"ன்னு ஆரம்பிக்கிறது நம்ம பழக்கம், நல்லதுதான், ஆனா அதுக்கு அடுத்த வாக்கியத்துல இன்னைக்கு நடந்த ஒண்ணு இருக்கணும்னு எங்க வீட்டுல ஒரு பேச்சு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை நோட்ட முதல்ல இருந்து வாசிப்போம், பதில் வந்ததுக்கு வலது பக்கம் தேதி போடுவோம். பாட்டு தெரிஞ்சவங்க ஒரு பல்லவி பாடுங்க, பாமாலையோ கீர்த்தனையோ, அத்தைக்குப் பிடிச்சது ஒரு நாள், பிள்ளைங்களுக்குப் பிடிச்சது ஒரு நாள், சண்டை வராது.

நாலாவது படி: ஜெபத்துக்கு முன்னாடி மன்னிப்பு

இத எழுதும்போது இப்பவும் எனக்கு நெஞ்சு அடைக்குது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு சாயங்காலம், மகளோட பேப்பர்ல கணக்குல முப்பத்தெட்டு மார்க். நான் ஸ்கூல்ல இருந்து அலுத்து வந்திருந்தேன், கேஸ் தீந்து போச்சு, அதுல இதுவும். வாய்க்கு வந்தபடி கத்தினேன், உன்ன எல்லாம் பெத்ததுக்கு ஒரு மாட்ட வளத்திருக்கலாம்னு கூடச் சொல்லிட்டேன். எட்டேகால் ஆச்சு. கை கழுவிட்டு வந்து பாய்ல உக்காந்து சாந்தமான குரல்ல "இரக்கமுள்ள பிதாவே"ன்னு ஆரம்பிச்சேன். மகள் கண்ண மூடல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அவ ஒரு வார்த்தை பேசல, ஆனா அந்தப் பார்வையில, இந்தப் பிதாகிட்ட பேசுற குரலும் என்கிட்ட பேசின குரலும் ஒரே வாயில இருந்தா வருதுன்னு கேள்வி இருந்துச்சு.

எனக்கு அடுத்த வார்த்தை வரல. மத்தேயு 5ல இயேசு சொன்னது அப்படியே முன்னாடி வந்து நின்னுச்சு, பலிபீடத்துல காணிக்கைய வச்சுட்டு முதல்ல போயி உன் சகோதரனோட ஒப்புரவாகுன்னு. ஜெபத்த நிறுத்திட்டு, எல்லார் முன்னாடியும், அத்தை முன்னாடியும், "அம்மா உன்ன அந்த வார்த்தை சொன்னது பாவம், மார்க் கொறஞ்சது வேற விஷயம், அந்த வார்த்தை தப்பு, என்ன மன்னிச்சிரு"ன்னு சொன்னேன். அவ அழுதா, நானும் அழுதேன், அன்னைக்கு வசனம் வாசிக்கல. ஆனா அந்த நாளுக்கு அப்புறம்தான் அவ ஜெபத்துல வாயத் திறந்து தன் சொந்தக் காரியத்தப் பேச ஆரம்பிச்சா.

இதுல சில விஷயம் கத்துக்கிட்டேன். மன்னிப்பு கேக்குறப்ப செஞ்சத பேர் சொல்லிக் கேக்கணும், பொதுவா "ஏதாவது தப்பு பண்ணியிருந்தா"ன்னு கேட்டா அது கணக்குல வராது. "நீ அப்படிப் பண்ணதாலதான் நான் கத்தினேன்"னு ஒரு வால் ஒட்டக்கூடாது. பிள்ளைகிட்ட உடனே மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொல்லி வற்புறுத்தக்கூடாது, அவங்களுக்கும் நேரம் வேணும். புருஷன் பெண்டாட்டி சண்டைய பிள்ளைங்க பாத்திருந்தா, சமாதானம் ஆனதையும் அவங்க பாக்கணும். சூரியன் அஸ்தமிக்கிறதுக்கு முன்னாடி எரிச்சல் தணியணும்னு எபேசியர் 4ல இருக்கு, எங்களுக்கு எட்டேகால்தான் அந்த அஸ்தமனம். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்"னு கொலோசெயர் 3ல பவுல் எழுதினத நாங்க தாளுல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கோம், அது பெத்தவங்களுக்கான வசனம், பிள்ளைங்களுக்கு வேற ஒட்டல.

அஞ்சாவது படி: வலது பக்கம் காலியா இருக்கிற வரிகள்

எந்த வழிகாட்டியும் இத ஒழுங்கா சொல்றதில்ல, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

என் நாத்தனாருக்கு கேன்சர் வந்தப்ப நோட்டுல முதல் வரி அதுதான், ஏழு மாசம் தினமும். சின்னவன் அப்ப ஆறு வயசு, அந்த அத்தைக்கு முடி திரும்ப வளரணும்னு ஜெபிப்பான். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள்ல அவங்க போயிட்டாங்க. நோட்டுல அந்த வரிக்கு எதிர்ல என்ன எழுதுறது? பாக்க வந்தவங்க சிலபேர் கர்த்தருடைய சித்தம்னாங்க, விசுவாசத்துல குறை இருந்திருக்கும்னு கூட ஒருத்தர் சொன்னாங்க, அத மகள் கேட்டுட்டா. அன்னையில இருந்து அவ ஜெபம் பண்றத நிறுத்திட்டா. பாய்ல வந்து உக்காருவா, வாய் திறக்க மாட்டா.

நாங்க அவள வற்புறுத்தல. விளக்கம் சொல்லவும் முயற்சி பண்ணல, எங்களுக்கே விளக்கம் இல்ல. அந்த மாசம் பூரா சங்கீதம் வாசிச்சோம், ஆனா சந்தோஷ சங்கீதங்கள இல்ல. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்கிற 13, "என் தேவனே, என் தேவனே"ன்னு ஆரம்பிக்கிற 22, அப்புறம் 88. அந்த 88 கடைசி வரைக்கும் விடியாமலே இருட்டுல போயி முடியுது. அத வாசிச்சு முடிச்சதும் மகள் முதல் தடவையா பேசினா, "இதெல்லாம் பைபிள்ல இருக்கலாமாம்மா?"ன்னு கேட்டா. இருக்குல்லம்மா, ஆண்டவர்கிட்ட இப்படியும் பேசலாம்னு அவரே இடம் கொடுத்திருக்காருன்னு அவங்க அப்பா சொன்னாங்க.

அந்த மே மாசம் டோனாவூர் போனோம், எங்களுக்குப் பக்கம்தானே. ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901ல அங்க வந்தவங்க, கோயில்ல விடப்பட்ட பிள்ளைங்களையும் கைவிடப்பட்ட பிள்ளைங்களையும் எடுத்து வளத்தவங்க. 1931ல ஒரு குழியில விழுந்து அடிபட்டாங்க, எத்தனையோ பேர் ஜெபிச்சாங்க, ஆனா 1951ல மரிக்கிற வரைக்கும் கிட்டத்தட்ட இருபது வருஷம் பெரும்பாலும் படுக்கையிலதான். அந்தப் படுக்கையில இருந்துதான் நிறைய எழுதினாங்க, பிள்ளைங்க வந்து வந்து பக்கத்துல உக்காருவாங்க. அவங்க கல்லறையில பெருசா ஒண்ணும் இல்ல, பறவைங்க தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி, அதுல அம்மாங்கற அர்த்தத்துல ஒரே ஒரு சொல். மகள் அங்க ரொம்ப நேரம் நின்னா. என்ன யோசிச்சான்னு நான் கேக்கல. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ராத்திரி "ஆண்டவரே, எனக்கு இன்னும் கோபம்தான், ஆனா உங்ககிட்டதான் சொல்றேன்"னு ஒரே வாக்கியம் ஜெபிச்சா.

நோட்டுல அந்த வரி இன்னும் காலியாத்தான் இருக்கு. பாட்டியும் அரிசி இல்லாத நாளுக்குக் கீழ ஒண்ணும் எழுதலயே. காலியா விடுங்க, ஆனா தாளக் கிழிக்காதீங்க.

ஆறாவது படி: பாய விட்டு எழும்பின பிறகு

உபாகமம் 6ல கர்த்தர் சொன்னது வீட்டுல உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசுன்னு. நாலு நேரமும் ரொம்பச் சாதாரண நேரம். வண்டியில ஸ்கூலுக்குக் கொண்டு விடுற பத்து நிமிஷம், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா உடனே "ஆண்டவரே உள்ள இருக்கிறவங்களக் காப்பாத்தும்"னு ஒரு வரி, பிள்ளை ஹெல்மெட்டுக்குள்ள இருந்து ஆமென்னு சொல்லும். ராத்திரி லைட்ட அணைக்கிறப்ப நெத்தியில கைய வச்சு ஒரு ஆசீர்வாதம். பதினஞ்சு வயசு ஆனாலும் அத வேண்டாம்னு சொல்றதில்ல அவ.

ஆனா பேசுறத விட முக்கியம் பாக்குறது. கடன்காரர் போன் பண்ணா "அப்பா வீட்டுல இல்லன்னு சொல்லு"ன்னு பிள்ளை கையில போனக் கொடுக்குற பழக்கம் எத்தனை ஜெபிக்கிற வீடுகள்ல இருக்கு. நானும் ஒரு தப்பு பண்ணேன், மகளுக்கு பன்னெண்டு முடிஞ்ச பிறகும் நாகர்கோவில் பஸ்ல அரை டிக்கெட் எடுத்தேன், கண்டக்டர் வயசு கேட்டப்ப பதினொண்ணுன்னு கூசாமச் சொன்னேன். அவ என் சேலையப் பிடிச்சு இழுத்தா. திரும்ப கண்டக்டரக் கூப்பிட்டு முழு டிக்கெட் எடுத்தேன், முகம் சுட்டுச்சு, ஆனா அந்த இருபத்தி ஒம்பது ரூபாயில அவ கத்துக்கிட்டது எந்த ஞாயிறு பள்ளியிலயும் கிடைச்சிருக்காது.

பணத்துல இன்னொண்ணு. சம்பளம் வந்த அன்னைக்கு காணிக்கைய முதல்ல எடுத்து வைக்கிறத பிள்ளைங்க கண்ணு முன்னாடி பண்ணுங்க, கவர்ல போடுறது அவங்க கையா இருக்கட்டும். எங்க வீட்டுல பிடியரிசி இன்னும் உண்டு, ஒவ்வொரு தடவை உலை வைக்கிறப்பவும் ஒரு பிடி எடுத்து தனி டப்பாவுல போட்டுட்டு அப்புறம்தான் களையுறது, மாசக் கடைசியில அது ஊழியத்துக்கு இல்லன்னா தெருவுல யாராவது கஷ்டப்படுற வீட்டுக்கு. மிசோரம் சபைகள்ல 1910ல இருந்து இந்தப் பிடியரிசி நடக்குது, அதுலயே எவ்வளவோ ஊழியம் தாங்கப்படுது. நம்ம பாளையங்கோட்டையில 1903ல இந்திய மிஷனரி சங்கத்த அசரியா ஐயா மாதிரி நம்ம ஆளுங்களே ஆரம்பிச்சாங்க, நம்ம காசுலயே நம்ம ஜனங்களே போகணும்னு. டப்பாவுல அரிசி விழுற சத்தத்தோட இந்தக் கதையச் சொன்னா பிள்ளைங்க மறக்காது.

ஏழாவது படி: சனிக்கிழமை ராத்திரி

ஞாயித்துக்கிழமை காலையில ஒருத்தர ஒருத்தர் கத்தி, அயர்ன் பாக்ஸ் எங்க, ஒத்த செருப்பு எங்கன்னு தேடி, ரெண்டாவது மணி அடிச்ச பிறகு கோயிலுக்குள்ள நுழைஞ்சா அங்க என்ன ஆராதனை வரும். சட்டை, பைபிள், காணிக்கை எல்லாம் சனி ராத்திரியே. மத்தியானம் சாப்பாட்டுல உக்காந்து பிரசங்கத்தக் குத்தம் சொல்லாதீங்க, உங்களுக்குப் பிடிக்கலன்னாலும் அதுல ஒரு வார்த்தையாவது எடுத்துப் பேசுங்க. சபையார் எல்லாரும் சேந்து சாப்பிடுற அசனப் பண்டிகைக்கு பிள்ளைங்கள காய் நறுக்க, பந்தி பரிமாற அனுப்புங்க, பெரிய வீட்டுக்காரரும் இல்லாதவரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுறத பரிமாறிக்கிட்டே பாத்தாதான் சபைன்னா என்னன்னு தெரியும்.

எட்டாவது படி: வீட்டுல ஒருத்தர் வரமாட்டேன்னா

இது நிறைய அக்காமார் கண்ணீரோட கேக்குற கேள்வி. வீட்டுக்காரர் உக்கார மாட்டேங்குறாரு, நான் மட்டும் என்ன பண்றது? நீங்களும் பிள்ளையும் உக்காருங்க. குத்திக் காட்டுற ஜெபம் மட்டும் வேண்டாம், "சிலர் மனசு கல்லாயிருக்கு ஆண்டவரே"ன்னு பக்கத்து ரூமுக்குக் கேக்குற மாதிரி ஜெபிக்கிறது ஜெபமே இல்ல. வசனத்துக்குக் கீழ்ப்படியாத புருஷனும் "போதனையின்றி", மனைவியோட நடக்கையப் பாத்தே மாறலாம்னு பேதுரு எழுதினாரே, அந்த ஒரு சொல்லப் பிடிச்சுக்கோங்க. தீமோத்தேயுவோட அப்பா கிரேக்கர்னு அப்போஸ்தலர் 16ல இருக்கு, அவனுக்குள்ள விசுவாசம் பாட்டி லோவிசாள்கிட்ட இருந்தும் அம்மா ஐனிக்கேயாள்கிட்ட இருந்தும் வந்துச்சுன்னு பவுல் பேரோட எழுதியிருக்காரு. அம்மாவும் பாட்டியும் போதும்னு நான் சொல்லல, அப்பா வந்தா எவ்வளவோ நல்லது, ஆனா அப்பா வர்ற வரைக்கும் விளக்க அணைச்சு வைக்க வேண்டாம்.

வளந்த பிள்ளைங்க சந்தேகம் கேட்டா பதறாதீங்க. சந்தேகத்த வீட்டுல கேக்க விடலன்னா அவங்க அத வெளியில போயித்தான் கேப்பாங்க.

வருஷத்தோட ஓட்டத்துல

சாம்பல் புதன்ல இருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணினா 46 நாள் வரும், நடுவுல ஆறு ஞாயிறக் கழிச்சா நாப்பது, அதுதான் லெந்து. பிள்ளைங்கள காலண்டர்ல எண்ணச் சொல்லுங்க, ஏன் ஞாயிறக் கழிக்கிறோம்னு அவங்களே கேப்பாங்க, ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுந்த நாள்னு சொல்ல அத விட நல்ல வாய்ப்பு கிடையாது. கறி மீன் நிறுத்துறதோட, அந்த மிச்சக் காச ஒரு உண்டியல்ல போட்டு பெரிய வெள்ளிக்கு முன்னாடி யாருக்குக் கொடுக்கலாம்னு குடும்பமா பேசுங்க.

ஜனவரி ஒண்ணு வாக்குத்தத்த வசனம் எடுக்குறோம், கார்ட அலமாரியில ஒட்டுறோம், நல்லது. ஆனா எடுத்த அன்னைக்கே அந்த அதிகாரத்த முழுசா வாசிங்க. எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவத்துல இருக்கு, அதுக்கு முந்தின வசனத்துல பாபிலோன்ல எழுபது வருஷம் ஆகும்னு இருக்கே, அந்தக் கடிதம் நாடு கடத்தப்பட்டு அந்நிய ஊர்ல கிடந்தவங்களுக்குப் போனது, அங்கயே வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அந்தப் பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொன்ன கடிதம். அது தெரிஞ்சா வசனம் இன்னும் கனமா கையில நிக்கும், பிப்ரவரியில ஒண்ணும் நடக்கலயேன்னு உடைஞ்சு போக மாட்டோம்.

விட்டுப் போன நாட்கள்

விட்டுப் போகும். கல்யாண வீடு, பரிட்சை, காய்ச்சல், ஊர்ல இருந்து ஆள் வந்தது, நாலு நாள் போயிரும். அஞ்சாவது நாள் விட்ட நாலு நாளுக்கும் சேத்து வாசிக்க முயற்சி பண்ணாதீங்க, யாரு காரணம்னு விசாரிக்காதீங்க, பாய விரிச்சு விட்ட எடத்துல இருந்து ஆரம்பிங்க. விருந்தாளி வந்திருந்தா அவங்களையும் சேத்து உக்கார வைங்க, வேற மதத்துக்காரங்களா இருந்தா எட்டேகாலுக்கு நாங்க ஜெபம் பண்ணுவோம், உங்களுக்காக எதுவும் ஜெபிக்கணுமான்னு மரியாதையா கேளுங்க, எங்க வீட்டுல இதுவரைக்கும் யாரும் வேண்டாம்னு சொன்னதில்ல.

இன்னைக்கே ஆரம்பிக்கிறதா இருந்தா ஒரு நோட்டு, ஒரு பென்சில், மாற்கு ஒண்ணாம் அதிகாரம், முதல் பதினஞ்சு வசனம். யோவான்ஸ்நானன் வெட்டுக்கிளி சாப்பிடுற இடத்துல பிள்ளைங்க கண்டிப்பா நிறுத்திக் கேள்வி கேப்பாங்க, அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காருங்க, அப்பத்தான் பொறுமையா பதில் சொல்ல முடியும்.